கட்சியை உள்ளே போய்த் திருப்புவது எப்படி: டெக்சாஸிலிருந்து ஒரு பிரிசிங்க்ட் சேரின் குறிப்புகள்

சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை, நாம் ஓட்டுப்போட்டு அனுப்பும் குடியரசுக் கட்சிக்காரர்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போனதும் ஆளே மாறிவிடுகிறார்கள். ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும் பிரியாணி ஆறுவதற்குள் இந்தப் புலம்பல் வந்துவிடும். புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "மார்ச் மாசம் ஓட்டுப் போட்டீங்களா?" முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். நவம்பரில் தவறாமல் போட்டிருப்பார்கள். ஆனால் நவம்பரில் சீட்டில் யார் பெயர் இருக்க வேண்டும், கட்சி எதைப் பேச வேண்டும் என்பதெல்லாம் அதற்கு எட்டு மாதம் முன்பே முடிந்துபோன விஷயம்.

நான் கரூர்க்காரி. காலின் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறேன், கணக்கு எழுதுவது தொழில். எங்கள் வட்டாரத்துக்குக் குடியரசுக் கட்சியின் பிரிசிங்க்ட் சேராக, அதாவது வாக்குச்சாவடி வட்டப் பொறுப்பாளராக இருக்கிறேன். கட்சியின் கொள்கையும் முகமும் மாற வேண்டும் என்று நினைக்கிற கன்சர்வேடிவ் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் பெயர்களும் தேதிகளும் மாறும், வழி பெரும்பாலும் இதுதான். ஜனநாயகக் கட்சிக்காரர்களும் இதையே படித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. குடியுரிமை இல்லாதவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. கிரீன் கார்டு இருக்கிறதே, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது கேட்டார்களே என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்வது விளையாட்டு இல்லை, நாடு கடத்தல் வரை போகும். கிரீன் கார்டுக்காரர்கள் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அதுவும் கூடாது. சம்பளம் வாங்காமல் உடலுழைப்பாகத் தொண்டு செய்யலாம், கதவு தட்டலாம், தபால் ஒட்டலாம். குடியுரிமை வந்த பிறகுதான் கீழே சொல்லும் மற்றதெல்லாம்.

காலி நாற்காலியைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டில் வட்டச் செயலாளரை மாவட்டம் போடும், மாவட்டத்தைத் தலைமை போடும். இங்கே கட்சியின் அடிமட்டப் பதவியே அரசுச் செலவில் நடக்கும் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாதத் தேர்தல்) வாக்குச்சீட்டில் வருகிறது. டெக்சாஸில் உள்ள 254 கவுண்டிகளும் வாக்குச்சாவடி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வட்டம்தான் பிரிசிங்க்ட். ஒவ்வொன்றுக்கும் கட்சிக்கு ஒரு சேர், இரண்டு ஆண்டுப் பதவி. உங்கள் வாக்காளர் அட்டையில் பிரிசிங்க்ட் எண் அச்சாகியிருக்கும். கவுண்டி கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டு "இந்த எண்ணுக்கு யார் சேர்?" என்று கேளுங்கள். "காலியாக இருக்கிறது" என்ற பதில் வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய கவுண்டிகளில் நூற்றுக்கணக்கில் பிரிசிங்க்ட் இருந்தும் அத்தனைக்கும் ஆள் கிடைப்பதில்லை.

காலி என்றால், கவுண்டி நிர்வாகக் குழு (அதாவது எல்லா பிரிசிங்க்ட் சேர்களும் கவுண்டி சேரும் சேர்ந்த கூட்டம்) வாக்கெடுத்து உங்களை நியமிக்கலாம். ஆள் இருக்கிறார், அவர் ஒன்றும் செய்வதில்லை என்றால் எதிர்த்து நில்லுங்கள். ஒற்றைப்படை ஆண்டின் டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை வரை மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. அந்த வட்டத்தில் குடியிருக்கும் வாக்காளராக இருந்தால் போதும். எதிர்ப்பே இல்லையென்றால் தேர்தல் இல்லாமலேயே வந்துவிடுவீர்கள்.

இந்தப் பதவியில் சம்பளம் இல்லை, அறை இல்லை, கார் இல்லை. ஒரு ஓட்டு உண்டு, கவுண்டி நிர்வாகக் குழுவில். அந்த ஒற்றை ஓட்டின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1961இலிருந்து கிளிஃப்டன் வைட் என்ற ஒருங்கிணைப்பாளர் இதே வேலையைத்தான் நாடு முழுக்கச் செய்தார். கட்சியின் கிழக்குக் கரைப் பெரிய மனிதர்கள் பத்திரிகைப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ஆட்கள் பிரிசிங்க்ட் கூட்டங்களிலும் கவுண்டி மாநாடுகளிலும் போய் உட்கார்ந்தார்கள். 1964இல் கன்சர்வேடிவ்காரர்களின் ஆள் பேரி கோல்ட்வாட்டர் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். பொதுத்தேர்தலில் ஆறே மாநிலங்கள்தான் கிடைத்தன, படுதோல்வி. ஆனால் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லை. 1980இல் ரீகன் வந்தபோது அது அவர்களுடைய கட்சியாகியிருந்தது. யூட்டாவில் 2010 மார்ச்சில் அக்கம்பக்கத்துக் கூட்டங்களில் டீ பார்ட்டி என்ற கன்சர்வேடிவ் இயக்கத்துக்காரர்கள் கூடி டெலிகேட்களை, அதாவது மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாத மாநாட்டில் மூன்று முறை செனட்டராக இருந்த பாப் பென்னட் மூன்றாம் இடத்துக்குப் போனார். பிரைமரி சீட்டில் அவர் பெயரே வரவில்லை. அந்த மாநாட்டில் வாக்களித்தவர்கள் மொத்தம் சுமார் 3,500 பேர். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபமும் பந்தியும்.

மார்ச் மாதத்து ஓட்டு

டெக்சாஸில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப்போட்டீர்கள் என்பதுதான் உங்கள் அடையாளம், அது பொது ஆவணம். (யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம், பயப்படாதீர்கள்.) வேட்பாளர்கள் வாங்கும் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக எத்தனை பிரைமரி என்று இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். "நம்ம ஆளுங்களை எந்தக் கட்சியும் மதிக்கறதில்லை" என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

2022 மார்ச்சில் மாநிலத்தில் பதிவான வாக்காளர்கள் சுமார் 1.7 கோடி. குடியரசுக் கட்சி பிரைமரியில் வாக்களித்தவர்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. கட்சி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவ்வளவு பேர்தான் தீர்மானித்தார்கள். ஒரு பிரிசிங்க்ட் அளவில் பார்த்தால் சில நூறு பேர். அதில் நாற்பது தமிழ், தெலுங்கு, குஜராத்திக் குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தால் வேட்பாளரே போன் செய்வார். எனக்குச் செய்திருக்கிறார்கள்.

கதவு தட்டுவதை இங்கே பிளாக் வாக் என்பார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், கோடையில் எட்டரைக்கு. நம் வீடுகளுக்கு மட்டும் ஞாயிறு மாலை போவேன், சனிக்கிழமை காலை எல்லோரும் தமிழ்ப் பள்ளிக்கும் பரதநாட்டியத்துக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருப்பார்கள். கொள்கை விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். "இந்த வருஷம் வீட்டு மதிப்பீடு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டால் போதும். வருமான வரி இல்லாத மாநிலத்தில் சொத்து வரியைப் பற்றிப் பேசாத வீட்டுக்காரர் இல்லை. கேட்டுக்கொண்டே இருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். கட்சிக் கூட்டத்தில் நீங்கள் கொண்டுவரப்போகும் தீர்மானம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

தீர்மானம் எழுதுவது

பிரைமரி முடிந்ததும் பிரிசிங்க்ட் மாநாடு நடக்கும். பல ஊர்களில் அது ஒரு பள்ளிக்கூட மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவதுதான். அங்கே யாரும் தீர்மானம் கொண்டுவரலாம். நிறைவேறினால் அது கவுண்டி அல்லது செனட் தொகுதி மாநாட்டுக்குப் போகும், அங்கே தாண்டினால் மாநில மாநாட்டுக்கு, அங்கே கட்சியின் கொள்கை அறிக்கையில் ஒரு பத்தியாகலாம். மேல் மாநாட்டுக்குப் போகும் டெலிகேட்களும் இங்கேதான் தேர்வாகிறார்கள். கடந்த ஆளுநர் தேர்தலில் உங்கள் பிரிசிங்க்ட்டில் கட்சி வேட்பாளர் வாங்கிய ஒவ்வொரு 25 ஓட்டுக்கும் ஒரு டெலிகேட். பல பிரிசிங்க்ட்களில் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு ஆளே வருவதில்லை. வந்தவர் டெலிகேட்.

தீர்மானத்தின் வடிவம் பழையது: முதலில் காரணங்கள், பிறகு "ஆகவே தீர்மானிக்கப்படுகிறது". காரணம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு தீர்மானத்தில் ஒரே கோரிக்கை. இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன், ஏனென்றால் கட்சியின் முகம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

2012இல் எங்கள் மாநிலக் கட்சியின் கொள்கை அறிக்கையில், பள்ளிகளில் விமர்சனபூர்வமாகச் சிந்திக்கக் கற்பிப்பதை எதிர்க்கிறோம் என்று பொருள்படும் வரி ஒன்று இருந்தது. எழுதியவர்கள் குறிவைத்தது பிள்ளைகளின் நம்பிக்கைகளை அசைக்கும் ஒருவகைப் பாடத்திட்டத்தை. ஆனால் அச்சில் வந்தது "சிந்தனைக்கு எதிர்ப்பு". நாடே சிரித்தது. அது தவறுதலாக வந்துவிட்டது என்று கட்சியின் தொடர்பாளரே சொன்னார். மாநாடு நிறைவேற்றிவிட்டதால் அடுத்த மாநாடு வரை எடுக்க முடியாது என்றும் சொன்னார். 2022 ஹூஸ்டன் மாநாட்டில் தன்பாலின ஈர்ப்பை இயல்பற்ற வாழ்க்கைத் தேர்வு என்று குறிப்பிட்ட வரி வந்தது. தன்பாலின ஈர்ப்புள்ள குடியரசுக் கட்சியினரின் அமைப்புக்கு அரங்கில் கடை போட இடம் மறுக்கப்பட்டது. துப்பாக்கிச் சட்டத்தில் எதிர்க்கட்சியோடு பேச்சு நடத்திய செனட்டர் ஜான் கார்னினைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அந்த வாரம் தேசியச் செய்தியில் டெக்சாஸ் கட்சி என்றால் இந்த மூன்றும்தான். எல்லைப் பாதுகாப்புக்கும் வரிக்கும் மணிக்கணக்காக உழைத்த டெலிகேட்களின் வேலை ஒரு வரிகூட வெளியே வரவில்லை. என் கருத்து இது: பெற்றோர் உரிமை பற்றி எழுதுங்கள், பக்கத்து வீட்டுப் பையனைப் புண்படுத்தும் பெயரடை எதற்கு? எங்கள் கட்சியிலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய. அவர்களும் காலை ஏழு மணிக்கே மாநாட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள், அதனால் அவர்கள் வரி நிறைவேறுகிறது.

மேலிருந்து முகத்தை மாற்றப் பார்த்த கதையும் உண்டு. 2012 ஜனாதிபதித் தேர்தலில் ராம்னி தோற்ற பிறகு, தேசியக் குழுத் தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் 2013 மார்ச்சில் சுமார் நூறு பக்க அறிக்கை வெளியிட்டார். குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும், சிறுபான்மையினரை அணைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அடிமட்டத்தில் அது எடுபடவில்லை. அடுத்த ஆண்டே வர்ஜீனியாவில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். பிராட்டிடம் இருந்த பணம் சுமார் 2 லட்சம் டாலர், கேன்டர் செலவழித்தது பல மில்லியன். குடியேற்றம்தான் அந்தப் பிரச்சாரத்தின் பெரிய ஆயுதம். 2016இல் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

விதி தெரிந்தவர் ஜெயிப்பார்

மாநாட்டில் ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை விதிநூல்படிதான் எல்லாம். நம் ஊர்ப் பொதுக்குழு மாதிரி கைதட்டி "ஏகமனதாக" என்று முடிக்க முடியாது. திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், விவாதத்தை முடிக்கும் தீர்மானம், ஒத்திவைப்பு, பாயிண்ட் ஆஃப் ஆர்டர் (விதி மீறப்படுகிறது என்று சுட்டிக்காட்டுவது). இந்த ஐந்தும் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கோல்ட்வாட்டர் காலத்திலிருந்து கட்சியில் இருந்தவர். "மைக்குக்கு முதலில் போ, குரலை உயர்த்தாதே, நேரம் முடிவதற்கு முன்னால் உட்கார்ந்துவிடு" என்பார். இன்றைக்கும் இதைவிட நல்ல ஆலோசனை எனக்குக் கிடைக்கவில்லை.

அரங்கில் பேசுவதைவிடக் குழுவில் உட்காருவது முக்கியம். செனட் தொகுதி மாநாட்டுக்கு முன்பே தற்காலிகத் தீர்மானக் குழு அமைப்பார்கள். கவுண்டி சேருக்கு ஜனவரியிலேயே எழுதி "நான் வருகிறேன்" என்று சொல்லுங்கள். வார நாள் இரவுகளில் நூற்றுக்கணக்கான தீர்மானங்களைப் படித்துச் சலிக்கும் வேலை, போட்டியே இருக்காது. எது அரங்குக்குப் போக வேண்டும், எந்த வார்த்தையில் போக வேண்டும் என்பதை அந்தச் சிறு அறைதான் முடிவு செய்கிறது.

மாநில மாநாடு இரண்டாண்டுக்கு ஒருமுறை. ஆயிரக்கணக்கான டெலிகேட்கள். கொள்கை அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக வாக்குச்சீட்டில் ஆம், இல்லை குறிக்க வேண்டும். பத்திகள் இருநூறைத் தாண்டும், கை வலிக்கும். இதைவிட நான் பெரிதாக நினைப்பது சட்டமன்ற முன்னுரிமைப் பட்டியலை. நீண்ட பட்டியலிலிருந்து டெலிகேட்கள் எட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். கொள்கை அறிக்கையைச் சட்டமன்ற உறுப்பினர்கள் படிக்கிறார்களா என்பது சந்தேகம். எட்டு முன்னுரிமையை வைத்து அவர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள் என்பதால் அதை மட்டும் படிப்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் குழுத் தலைவர் விவகாரம். டெக்சாஸ் கீழவையில் பெரும்பான்மை நம்முடையதாக இருந்தாலும், சில குழுக்களின் தலைமையை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அடிமட்டத் தொண்டர்களுக்கு இது எரிச்சல். இதை நிறுத்த வேண்டும் என்பது 2022இல் எட்டு முன்னுரிமைகளில் ஒன்றானது. சபாநாயகர் டேட் ஃபீலன் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் கட்சியின் மாநில நிர்வாகக் குழு 55-4 என்று அவருக்குக் கண்டனம் நிறைவேற்றியது. மே 28 ரன்-ஆஃபில் (பிரைமரியின் இரண்டாம் சுற்றில்) நானூறு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். டிசம்பரில் சபாநாயகர் போட்டியிலிருந்தே விலகினார். 2025 ஜனவரியில் தொண்டர்கள் விரும்பிய ஆள் சபாநாயகராகவில்லை. ஜனநாயகக் கட்சியினரின் ஓட்டும் சேர்ந்து டஸ்டின் பர்ரோஸ் 85-55 என்று வந்தார். ஆனால் அதே மாதம் நிறைவேறிய அவை விதியில், குழுத் தலைவர் பெரும்பான்மைக் கட்சிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. துணைத் தலைவர் பதவி சிறுபான்மைக் கட்சிக்கு. ஆளில் தோற்று விதியில் ஜெயித்தார்கள். பாதி கிடைத்தால் வாங்கி வைத்துக்கொண்டு மீதிக்கு அடுத்த மாநாட்டில் வரிசையில் நிற்க வேண்டும்.

கண்டனத் தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்சி விதி 44இன்படி, அடிப்படைக் கொள்கைகளுக்கு எதிராக நடந்த பதவியாளரைக் கவுண்டிக் குழு கண்டித்து மாநிலக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். 2018இல் சபாநாயகர் ஜோ ஸ்ட்ராஸ், 2023இல் காங்கிரஸ் உறுப்பினர் டோனி கோன்சாலஸ் இதைச் சந்தித்தார்கள். கோன்சாலஸும் 2024 ரன்-ஆஃபில் சில நூறு ஓட்டில்தான் பிழைத்தார். கூர்மையான ஆயுதம் என்பதால் எல்லோருக்கும் கை அரிக்கிறது. சின்னச் சின்ன ஓட்டெடுப்புக்கெல்லாம் கண்டனம் என்று கிளம்புகிறவர்களோடு நான் சேருவதில்லை. போன் போட்டு அலுவலகத்தில் சந்திக்க நேரம் கேட்டாலே பாதி விஷயம் முடியும்.

எல்லாம் தொண்டர்கள் செய்ததுதான் என்று மயங்கவும் வேண்டாம். பிள்ளைகளின் தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் தரும் கல்விக் கணக்குத் திட்டத்தை 2023 நவம்பரில் கீழவையில் 21 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து வீழ்த்தினார்கள். அடுத்த பிரைமரியில் அவர்களில் பலர் காணாமல் போனார்கள், 2025 மேயில் திட்டம் சட்டமானது. அதில் ஆளுநர் அபாட்டின் பிடிவாதமும் பெரும் பணக்காரர்களின் காசோலையும் எங்கள் பிளாக் வாக்கை விடப் பெரியவை. பணம் வரும்போது அது எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து ஏறிக்கொள்ளலாம். உங்களுக்காக அது திரும்பாது.

நம் முகத்தோடு போவது

"அது வெள்ளைக்காரங்க கட்சியாச்சே, நமக்கென்ன?" என்பார்கள். எங்கள் மாநிலக் கட்சியின் தலைவராக 2024 மே மாத சான் அன்டோனியோ மாநாட்டில் தேர்வானவர் ஏப்ரஹாம் ஜார்ஜ், கேரளத்தில் பிறந்தவர். அதற்கு முன் இதே காலின் கவுண்டியின் கட்சித் தலைவர். அதே ஆண்டு மார்ச்சில் கீழவைத் தொகுதி ஒன்றுக்கு நின்று தோற்றவர். தோற்ற இரண்டு மாதத்தில் மாநிலத் தலைவர்! உள்ளே இருப்பவர்களுக்குத்தான் இப்படி நடக்கும்.

சங்கடம் இல்லாமல் இல்லை. கூட்டம் கிறிஸ்தவ ஜெபத்தில் தொடங்கும், கொள்கை அறிக்கையிலும் அந்த வாசம் வீசும். நான் திருநீறு வைத்துக்கொண்டே போகிறேன், ஜெபத்தின்போது எழுந்து நிற்கிறேன். யாராவது கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் விளக்க உரை நடத்துவதில்லை. 2024 டிசம்பரில் எச்-1பி சண்டை கட்சிக்குள் வெடித்தபோது, ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே "நம் வேலைகளை இந்தியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்" என்றார். பதில் சொல்வதற்குள், நான் யாருக்காக வெயிலில் கதவு தட்டினேனோ அந்த வேட்பாளரின் அம்மா குறுக்கே வந்து அவரை உட்கார வைத்துவிட்டார். வாதத்தில் ஜெயித்திருந்தால்கூட இந்தப் பலன் கிடைத்திருக்காது. புதிதாக வருபவர்கள் முதலாண்டில் எச்-1பி பற்றித் தீர்மானம் கொண்டுவராதீர்கள். முதலில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றில், சொத்து வரியோ பள்ளி வாரியமோ, உங்கள் பெயர் பதியட்டும்.

பள்ளி வாரியத் தேர்தல், நகரசபைத் தேர்தல் பல ஊர்களில் மே மாதம். கட்சிச் சின்னம் கிடையாது, கூட்டமும் வராது. பிரிசிங்க்ட் சேர் வைத்திருக்கும் பட்டியல் அங்கேதான் நன்றாக வேலை செய்யும்.

கடைசியாக மாநாட்டுப் பை. ஸ்வெட்டர் கட்டாயம், வெளியே தொண்ணூறு டிகிரி அடித்தாலும் அரங்கில் ஏசி உறையவைக்கும். போன் சார்ஜர், பேனா இரண்டு, உங்கள் தீர்மானத்தின் பிரதிகள் குறைந்தது முப்பது. வாக்காளர் அட்டையும் புகைப்பட அடையாளமும் எடுத்துக்கொள்ளுங்கள், டெலிகேட் பதிவில் கேட்பார்கள். சாப்பாட்டு வரிசை நீளமாக இருக்கும், அந்த நேரத்தில் வெளியே போனால் முக்கியமான ஓட்டெடுப்பு நடந்து முடிந்திருக்கும். பாதி அரங்கு காலியான பிறகு திருத்தம் கொண்டுவருவது இங்கே பழைய உத்தி. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், அரங்கில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இருந்தால் வறுத்த முந்திரி.